ஆம்பூர் அடுப்பில் இத்தாலிக் கோழி

பாலாற்றுப் பகுதித் தோல் ஊர்களில் கெஸ்ட் ஹவுஸ் என்பது தனி உலகம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று எந்த ஊருக்குப் போனாலும், ஓரளவு பெரிய டேனரியோ ஷூ கம்பெனியோ தன் விருந்தாளிகளுக்கென்று ஒரு வீட்டை ஒதுக்கி வைத்திருக்கும். நான்கைந்து அறைகள், நீளமான சாப்பாட்டு மேஜை, பின்கட்டில் சமையலறை, அதில் ஒரு மாஸ்டர். பகல் முழுக்கத் தோல் மாதிரிகளையும் சாயக் கலவைகளையும் பார்த்துக் களைத்த வெளிநாட்டுக்காரர்கள் இரவு எட்டு மணிக்கு அந்த மேஜையில் வந்து உட்காருவார்கள். மதியம் முதலாளி வீட்டு விருந்தில் பிரியாணி ஆகியிருக்கும். இரவுக்கும் அதையே நீட்ட முடியாது.

ஆம்பூரில் அப்படியொரு சமையலறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த மாஸ்டர் ஒருவர், வாரநாள் இரவில் ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும் இத்தாலிய முறைக் கோழி ஸ்டூவைத்தான் தன் கைப்பழக்கத்திலேயே உயர்ந்ததாக மதிக்கிறார். பிரியாணிக் கடையில் வளர்ந்தவர் சொல்வதால் அதைக் கவனித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. “பிரியாணியில சின்னத் தப்பு மசாலாவுல மறைஞ்சுடும். இதுல போடறதே கொஞ்சம் சாமான்தான். எது சரியில்லன்னாலும் வாயில வெச்ச உடனே தெரிஞ்சுடும்” என்பது அவர் கட்சி.

இத்தாலிக்காரர்கள் இந்த ஊர்களுக்கு ஏன் வருகிறார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இந்தப் பகுதித் தோல் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறி, அரைப் பதத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. அதற்குமேல் செய்யும் வேலையும் அதில் கிடைக்கும் லாபமும் வெளிநாட்டுக்காரர்களுக்கு. 1972-இல் அரசு அமைத்த சீதாராமையா குழு, தோலை இங்கேயே முழுமையாக்கிப் பொருளாக விற்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டிலிருந்து அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. முழுப் பதத் தோல், பிறகு ஷூவின் மேல்பகுதி, பிறகு முழு ஷூ என்று தொழில் படிப்படியாக மாறியது. அதற்கு இயந்திரம் வேண்டும், ரசாயனம் வேண்டும், அடுத்த பருவத்தில் ஐரோப்பாவில் எந்த நிறம் ஓடும் என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். மூன்றுக்கும் இத்தாலி பேர்போனது. டஸ்கனியின் சாந்தா குரோச்சே, வெனெத்தோவின் அர்சிஞ்ஞானோ, நேப்பிள்ஸுக்கு உட்புறம் இருக்கும் சொலோஃப்ரா ஆகிய மூன்றும் வாணியம்பாடி மாதிரியே தோலை நம்பி வாழும் ஊர்கள். டேனரி வாசலில் மூக்கைப் பொத்தாத வெளிநாட்டார் அந்த ஊர்க்காரர்கள்தான் என்று மாஸ்டர் சொல்வார். அந்த நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால் அவர்கள்மேல் அவருக்கு ஒரு உறவு முறை.

மாஸ்டர் அடுப்பைக் கற்றது பிரியாணிக் கடையில். 1890-இல் தொடங்கியதாகச் சொல்லும் ஸ்டார் பிரியாணி முதல் நேற்றுத் திறந்த கடை வரை, ஆம்பூர் முறை ஏறக்குறைய ஒன்றுதான். சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர், புதினா, விறகுத் தீ, கடைசியில் மூடிமேல் தணலைப் பரப்பி தம். தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்தரிக்காயும் வெங்காயப் பச்சடியும். அங்கே எடுபிடியாகச் சேரும் பையன் முதலில் வெங்காயம் வெட்டுவான், மிளகாய் கிள்ளுவான், பிறகு விறகைத் தள்ளுவான். விறகைத் தள்ளுகிற காலத்தில்தான் உண்மையான படிப்பு நடக்கிறது. தேகசாப் பாத்திரத்துக்குள் எண்ணெய் எப்போது பேசுகிறது, தண்ணீர் எப்போது பேசுகிறது என்று மூடியைத் திறக்காமலேயே காது பிரித்துச் சொல்லும். அந்தக் காதுதான் பின்னாளில் ஸ்டூவுக்குக் கைகொடுத்தது.

அவருக்கு ஸ்டூவைச் சொல்லிக்கொடுத்தவர் அர்சிஞ்ஞானோ பக்கத்திலிருந்து வந்த ஃபினிஷிங் டெக்னீஷியன். தன் வீட்டில் மனைவியோடு முறைபோட்டுச் சமைக்கிற பெரியவர். இருவருக்கும் பொதுவாக இருந்தவை சில ஆங்கிலச் சொற்களும், கறியைத் தொட்டுக் காட்டும் விரல்களும்தான். அவர் செய்துகாட்டியது ‘போல்லோ அல்லா காச்சத்தோரா’, வேட்டைக்காரர் பாணிக் கோழி. இத்தாலியில் ஊருக்கு ஊர் இது மாறும். சில இடங்களில் தக்காளி போடுவார்கள். சில இடங்களில் தக்காளியே கிடையாது, வினிகரும் ரோஸ்மேரியும் பூண்டும் மட்டும். ஆலிவ் காய் சேர்ப்பவர்கள் உண்டு, காளான் சேர்ப்பவர்கள் உண்டு. ஃபுளோரன்ஸில் பட்டு வியாபாரம் செய்து ஓய்ந்த பெல்லெக்ரீனோ அர்த்தூசி 1891-இல் கைக்காசு போட்டு வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலிலேயே இது இருக்கிறது. பெரிய வெங்காயத்தை நறுக்கிக் குளிர்ந்த நீரில் அரைமணி ஊறவைத்து, வதக்கி எடுத்துத் தனியே வைக்கவேண்டும். மிச்சமிருக்கும் கொழுப்பில் கோழித் துண்டுகளைச் சிவக்க வறுத்து, வெங்காயத்தைத் திரும்பச் சேர்த்து, அரை கிளாஸ் சிவப்பு வைனும் தக்காளிச் சாறும் ஊற்றி இறக்கவேண்டும். அவ்வளவுதான் அர்த்தூசியின் முறை. ஸ்டார் பிரியாணி சொல்லும் கணக்குப்படி அந்தக் கடைக்கும் இந்த நூலுக்கும் வயதில் ஓராண்டுதான் வித்தியாசம்.

இந்த முறைக்கும் நம் கோழிக் குழம்புக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு முதல் பத்து நிமிடத்தில் இருக்கிறது. குழம்பில் முதலில் சிவப்பது வெங்காயமும் மசாலாவும். கறி அதன்பின் ஈரத்தோடு உள்ளே இறங்கி, தான் விடும் தண்ணீரிலேயே வேகும். ஸ்டூவில் முதலில் சிவப்பது கறி. மசாலா தரவேண்டிய மணத்தை இங்கே கறியின் மேற்பரப்பே தரவேண்டும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மிச்சமெல்லாம் எளிது. பிடிபடாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த ஆலிவ் எண்ணெய் ஊற்றினாலும் வெந்த கோழியும் தக்காளித் தண்ணீரும்தான் தட்டில் இருக்கும்.

கடையிலிருந்து வந்த கோழியை மஞ்சள் போட்டுக் கழுவித் தண்ணீர் சொட்டச் சொட்டச் சட்டியில் போடுவது நம் வழக்கம். மாஸ்டர் கழுவிய துண்டுகளைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, உப்பும் இடித்த மிளகும் தடவிக் கால் மணி நேரம் தட்டில் பரப்பி வைப்பார். உப்பு இழுத்துவிடும் நீரை மறுபடி ஒற்றி எடுப்பார். கறியின்மேல் ஈரம் இருக்கும்வரை அதன் மேற்பரப்புச் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. நிறமும் வறுவல் மணமும் உண்டாகும் மாற்றம் ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் 1912-இல் எழுதிவைத்த வினை இது. மாஸ்டருக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. சத்தம் தெரியும். “சட்டி ‘சொர்ர்’ருன்னு ஒரே மாதிரி பேசணும். ‘களக் களக்’னா கறி தண்ணி வுடுதுன்னு அர்த்தம். அப்போ தீய ஏத்து, இல்ல ரெண்டு துண்ட வெளிய எடு.”

துண்டுகளை அடைத்துப் போடக் கூடாது என்பதுதான் அந்த ‘வெளிய எடு’வின் பொருள். ஒரு கிலோ கறி என்றால் இரண்டு ஈடு. தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, நாலைந்து நிமிடம் தொடவே கூடாது. நம் கைக்கு இதைவிடக் கடினமான வேலை வேறில்லை. கரண்டி கையில் வந்தாலே கிளறத்தான் தோன்றும். சிவந்த துண்டு சட்டியைவிட்டுத் தானாகவே கழன்று வரும். இழுத்தால் வராத துண்டு இன்னும் சிவக்கவில்லை. இதற்குத் தோலோடு வெட்டிய கறிதான் வேண்டும். கறிக்கடையில் தோலை உரித்தே கொடுத்துப் பழகிவிட்டார்கள் என்பதால், வாங்கும்போதே தோலோடு வேண்டும் என்று கேட்டு வாங்கவேண்டும்.

துண்டுகளை எடுத்தபிறகு பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒரு படிவு ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் அதைப் பார்த்தால் அடிபிடித்துவிட்டது என்று கழுவ எடுத்துப்போவார்கள். ஸ்டூவின் ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது. கறுக்காமல் பழுப்பாக இருக்கவேண்டும் என்பதே கணக்கு. அதற்காகத்தான் அடிகனமான பாத்திரம். அந்தப் படிவின்மேலேயே பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் போட்டு, ஒரு சிட்டிகை உப்போடு சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வதக்குவது இத்தாலிய வீடுகளில் பாதிச் சமையலுக்குத் தொடக்கம். வெங்காயம் விடும் நீரில் படிவு இளகிக் கலந்துவிடும். வெங்காயம் சிவக்க வேண்டியதில்லை, பளபளவென்று மெத்தென்று ஆனால் போதும். செலரி பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவேண்டும். வராத நாளில் மாஸ்டர் கொத்தமல்லித் தண்டை நறுக்கிப் போடுவார். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்தான், இலையை மட்டும் தள்ளிவிடவேண்டும். சின்ன வெங்காயத்தை அவர் இதில் சேர்ப்பதில்லை. அதன் வாசனை ஸ்டூவைக் குழம்புப் பக்கம் இழுத்துவிடும்.

தக்காளிக்கு இந்தப் பகுதி கொடுத்துவைத்தது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டைச் சந்தை, தமிழ்நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. புளிப்பு ஏறிய நாட்டுத் தக்காளியும் சதைப்பற்றான பெங்களூர்த் தக்காளியும் பாதிப் பாதி என்பது மாஸ்டரின் கணக்கு. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்துக் கையாலேயே பிசைவார். மிக்ஸியில் அடித்தால் காற்று ஏறி நிறம் வெளுத்துவிடும் என்பார். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அவர் கலங்கவில்லை. தக்காளி இல்லாமல் வினிகரும் பூண்டும் போட்டுச் செய்யும் வகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் இத்தாலிய முறைதான்.

பெரியவரிடம் மாஸ்டர் கற்றவற்றில் மிகப் பெரியது சமையலறைக்கு வெளியிலிருந்து வந்தது. டேனரியில் ‘பாயில் டெஸ்ட்’ என்று ஒரு சோதனை உண்டு. குரோம் உப்பில் பதனிட்ட தோலிலிருந்து சிறு துண்டு வெட்டிக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போடுவார்கள். சுருங்காவிட்டால் பதம் சரி. பதனிடாத பச்சைத் தோல் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். பட்டையிலும் காயிலும் பதனிட்டது 75, 80 டிகிரி வரை தாங்கும். குரோம் தோல் நூறையும் தாங்கும். ஒருநாள் மாலை பெரியவர் சட்டைப் பையிலிருந்து வெட்-ப்ளூ துண்டு ஒன்றை எடுத்தார். குரோம் ஏறிய இளநீல நிறம், கட்டைவிரல் அகலம். சமையலுக்கு ஆகாத பழைய டப்பா ஒன்றில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதையும், கோழிக் காலிலிருந்து உரித்த தோல் துண்டு ஒன்றையும் சேர்த்துப் போட்டார். கோழித் தோல் கண்ணெதிரே சுருங்கி உருண்டது. நீலத் துண்டு போட்டபடியே தட்டையாகக் கிடந்தது. இரண்டிலும் இருப்பது கொலாஜன் என்ற ஒரே புரதம் என்று அவர் சொன்னார். டேனரிக்காரர் அது கரையாமல் காக்கிறார், சமையல்காரர் அதைக் கரைக்கிறார்.

அன்றைக்குப் பிறகு மாஸ்டருக்குக் கோழியின் உடம்பே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்ததாம். நெஞ்சுக்கறியில் கொலாஜன் குறைவு, சூடு கொஞ்சம் மீறினாலும் வறண்டு நார் நாராகிவிடும். தொடையிலும் காலிலும், குறிப்பாக மூட்டைச் சுற்றி, அது நிறைய. சிறு தீயில் நேரம் கொடுத்தால் அது ஜெலட்டினாகிச் சாறில் இறங்கும். உதடு லேசாக ஒட்டுகிற அந்தக் கெட்டித்தன்மை மாவோ தேங்காயோ முந்திரியோ இல்லாமல் வருவது அதனால்தான். கோழிக்கறி 74 டிகிரியைத் தொட்டால் சாப்பிடப் பாதுகாப்பானது. ஆனால் கால்கறி மெத்தென்று ஆக அதையும் தாண்டி நேரம் போகவேண்டும். ஆறேழு வாரத்துக்குள் கடைக்கு வந்துவிடும் பிராய்லருக்கு முப்பது, முப்பத்தைந்து நிமிடம் போதும். நாட்டுக்கோழி என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வாரநாளுக்குச் சரிப்படாது. கொதிப்பு ‘தளதள’ என்று இருக்கக் கூடாது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்துகொண்டிருந்தால் போதும். தம் போட்டுப் பழகிய கைக்கு அந்தத் தீ சொல்லிக்கொடுக்காமலே வரும். குக்கரில் விசில் விடுகிறவர்களை மட்டும் மாஸ்டர் கடுமையாகத் திட்டுவார்.

வைன் விஷயம் தனி. இந்தப் பகுதி டேனரிகளில் பெரும்பாலானவை முஸ்லிம் முதலாளிகளுடையவை. கெஸ்ட் ஹவுஸ் சமையலறைக்குள் மதுவும் பன்றிக்கறியும் நுழையாது. இத்தாலிப் பெரியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வைன் என்ன செய்கிறது என்று மட்டும் விளக்கினார். புளிப்பு தருகிறது, மெல்லிய இனிப்பு தருகிறது, துவர்ப்பு தருகிறது. புளிப்புக்கு வினிகர் இருக்கிறது. இனிப்புக்குக் கம்பத்துப் பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே கறுப்புத் திராட்சை. துவர்ப்புக்கு எங்கே போவது? அந்தத் திராட்சையின் தோலிலும் கொட்டையிலுமே அது இருந்தது. டானின் என்று அதற்குப் பெயர். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்த் தோலைப் பதனிட்டு வந்ததும் அதே வகைப் பொருள்தான். மாஸ்டர் ஒரு கைப்பிடி திராட்சையைத் தோலோடும் கொட்டையோடும் அம்மியில் நசுக்கி, சூடு காட்டிப் பிழிந்து வடிகட்டுவார். கால் டம்ளர் சாறுக்கு இரண்டு ஸ்பூன் வினிகர். வதங்கிய வெங்காயத்தின்மேல் அதை ஊற்றி, பாதியாக வற்றியதும்தான் தக்காளி. வைன் ஊற்றிய ஸ்டூவும் இதுவும் ஒன்றா என்றால் ஒன்றில்லை. ஆனால் இது தன்னளவில் முழுமையான ருசி. வேறெதற்கோ மாற்றாகச் செய்தது என்று சாப்பிடும்போது தோன்றாது.

மணத்துக்கு ரோஸ்மேரி. நீலகிரியில் விளைந்து காய்ந்தது சென்னைக் கடைகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் வீட்டு வாசல் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லியில் அரை இலை. இத்தாலியர் பயன்படுத்தும் ஒரிகானோவில் இருக்கும் கார்வக்ரோலும் தைமாலும் கற்பூரவல்லியிலும் உண்டு. அரை இலைக்கு மேல் போனால் இருமலுக்குக் காய்ச்சிய கஷாயம் ஆகிவிடும். பிரிஞ்சி இலையைப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பியர் ஸ்டூவில் போடும் இலை வேறு மரம். நம்முடையது லவங்கப்பட்டைக்குச் சொந்தம், அதைப் போட்டால் குருமா வாசனை வந்துவிடும். மஞ்சள், இஞ்சி, கரம் மசாலா, கறிவேப்பிலை எதுவும் கிடையாது. பூண்டு மட்டும் ஐந்தாறு பல், நசுக்கியது. காய்ந்த மிளகாய் ஆளைப் பொறுத்தது. இத்தாலியத் தீபகற்பத்தின் தென்கோடியான கலாப்ரியாவில் காரம் நன்றாகவே சாப்பிடுவார்கள். தெற்கேயிருந்து விருந்தாளி வந்தால் முழு மிளகாய் ஒன்று உள்ளே இறங்கும். சொலோஃப்ரா பக்கத்தார் கத்தரிக்காய்ப் பிரியர்கள் என்று கண்டுகொண்டு, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைப் பொரித்துக் கடைசியில் சேர்த்ததும் உண்டு. அதை மிச்சம் வைத்து எழுந்தவர் ஒருவர்கூட இல்லையாம்.

எதோடு சாப்பிடுவது என்பதிலும் ஊர்ப் பழக்கம் இருக்கிறது. டஸ்கனிக்காரர்கள் வீட்டில் சாப்பிடும் ரொட்டியில் உப்பே இருக்காது, சாறின் உப்பு அதற்கு ஈடு. ஆம்பூர் பேக்கரி ரொட்டியோ இனிப்பானது. மாஸ்டர் பேக்கரியில் சொல்லிவைத்து, சர்க்கரை போடாமல் சுட்டு வாங்கினார். தட்டில் மிச்சமிருக்கும் சாறை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதை அவர்கள் குறைவாக நினைப்பதில்லை. சமைத்தவருக்கு அதுதான் பாராட்டு. வெனெத்தோக்காரர்களின் கதை இன்னும் சுவையானது. அவர்கள் பக்கத்தில் மக்காச்சோள மாவைக் கிண்டிக் கெட்டியாக்கி, ‘பொலெந்தா’ என்று இறைச்சிச் சாறோடு சாப்பிடுவார்கள். திருப்பத்தூர், வேலூர் கிராமங்களில் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? மக்காச்சோள ரவையை வாங்கிவந்து, களிக்கோலால் கட்டி விழாமல் கிண்டி, நடுவில் குழி பறித்து ஸ்டூவை ஊற்றி வைத்தார். பெரியவர் எழுந்துவந்து மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாராம்.

இதெல்லாம் விருந்தாளிகளுக்கு. இந்த ஸ்டூ மாஸ்டரின் வீட்டுக்குள் நுழைந்தது அவர் மகளால். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் மெஷின் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் கிராமத்துக்கு வந்து ஏற்றிக்கொள்ளும், இருட்டும்போது கொண்டுவந்து விடும். மகள் ஸ்டிச்சிங் பிரிவில் இருக்கிறார். வேலை முடிந்து வந்தபிறகு மசாலா அரைத்துக் குழம்பு வைக்க உடம்பு ஒத்துழைக்காது. கடைப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவரும் நாட்கள் அதிகமாகிக்கொண்டிருந்தன.

“நைனா, மஞ்சத்தூள்கூட போடாம பசங்க துன்னுமா?” என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார்.

“கறிய நல்லா செவக்க வுடும்மா. வாசன வந்தா அதுங்களே தட்ட எடுத்துனு வரும்.”

மகளின் வீட்டில் இன்று அது செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு. ஆலிவ் எண்ணெய் கிடையாது, கடலை எண்ணெய்தான். அதன் மணம் கொஞ்சம் தூக்கலாக நிற்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திராட்சை இல்லாத நாளில் வினிகர் மட்டும், கூட அரை ஸ்பூன் வெல்லம். துண்டுகள் சிவப்பதற்குள் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். மூடி போட்டபிறகு அடுப்புக்கு ஆளே தேவையில்லை. அந்த அரைமணி நேரத்தில் அவர் குளித்துவிட்டு வந்து கால் நீட்டி உட்காருகிறார். தையல் மெஷின் முன் நாள் முழுக்கக் குனிந்த முதுகுக்கு அந்த அரைமணி நேரம் எத்தனை பெரியது என்பதை ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். சமையல் குறிப்புகள் எழுதுகிறவர்கள் ருசியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறோம், அடுப்பு முன் நிற்கும் நேரத்தைப் பற்றி எழுதுவதில்லை. இந்த ஸ்டூ வீடுகளுக்குப் பரவவேண்டும் என்று சொல்ல ருசியைவிட அதுவே பெரிய காரணம்.

செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு நால்வருக்கான அளவு இது. எலும்போடும் தோலோடும் தொடை, கால் துண்டுகள் ஒரு கிலோ, பெரிய வெங்காயம் இரண்டு, கேரட் ஒன்று, செலரி அல்லது கொத்தமல்லித் தண்டு ஒரு கைப்பிடி, பூண்டு ஆறு பல், தக்காளி அரை கிலோ, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வினிகர் இரண்டு ஸ்பூன், கிடைத்தால் பன்னீர் திராட்சை ஒரு கைப்பிடி, ரோஸ்மேரி ஒரு சிட்டிகை அல்லது கற்பூரவல்லி அரை இலை, உப்பு, மிளகு. கறியைத் துடைத்துக் காயவைப்பதில் தொடங்கி மேஜைக்கு வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும், அதில் நீங்கள் அடுப்பின் முன் நிற்கவேண்டியது பாதிகூட இல்லை. முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை செய்யாதீர்கள், அன்றைக்கு மனம் பிரியாணியைத்தான் கேட்கும். வாரத்தின் நடுவில் ஒருநாள், அஞ்சறைப் பெட்டியை எடுக்காமல் செய்துபாருங்கள்.